டிரைவர் சீட்டின் ஏழு அடுக்கு

2024 ஜூன் 11, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது நாற்பது. வானத்தில் மேகமில்லை. மேல்காற்று புழுதியை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. அறந்தாங்கியில் பட்டுக்கோட்டை ரோட்டோரத் தகரக் கொட்டகை ஒன்றின் முன்னால், என் காரின் டிரைவர் சீட்டு நான்கு போல்ட்டும் கழற்றப்பட்டு ஒரு சாக்கின் மேல் கிடந்தது. காருக்குள் அது இருந்த இடத்தை ஒரு முறை எட்டிப் பார்த்தேன். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

குஷன் கடைக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். ஊசியில் நூல் கோப்பதற்கு முன்னால் நூலின் நுனியை வாயில் வைத்து உறிஞ்சுவார். அதே விரல்களில்தான் பசை, அதே விரல்களில்தான் டீ கிளாஸ். எனக்கும் ஒரு டீ வந்தது. நான் அதைத் தொடவில்லை. ஆறி ஆடை கட்டிய பிறகு ஓர் ஈ அதில் இறங்கியது.

கிளம்பலாம் என்று எழுந்தேன்.

“போகாதீங்க சார். பிரிக்கையில கூட இருங்க.”

“நான் இருந்து என்ன செய்ய?”

“நம்ம கடைப் பழக்கம் சார். போன வருசம் ஒரு அம்மா, சீட்டுக்குள்ள என் கம்மல் கெடந்துச்சு, நீதான் எடுத்துட்டேன்னு வந்து நடுரோட்டுல சத்தம் போட்டுருச்சு. அதுலேருந்து ஓனரை உக்கார வச்சுத்தான் கத்தியையே கையில எடுக்குறது.” பழைய தினத்தாள் ஒன்றை விரித்து நான்கு மூலையிலும் கல் வைத்தார். “உள்ளேருந்து வாரது எல்லாம் இதுல விழும். நீங்களே எண்ணிக்கங்க.”

என்னிடம் எண்ணச் சொல்ல வேண்டியதே இல்லை. நில அளவைத் துறையில் முப்பத்து நான்கு வருடம் சங்கிலியும் டேப்பும் பிடித்தவன் நான். என் வீட்டிலிருந்து அந்தக் கொட்டகை வரை ஒன்பது வேகத்தடை. அவற்றில் வெள்ளைக் கோடு போட்டது இரண்டுதான். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

அங்கே நான் போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் எங்கள் வீட்டு கேட் தூண்.

மே 26 ஞாயிற்றுக்கிழமை கட்டுமாவடிக்குப் போய் மீன் வாங்கிக்கொண்டு திரும்பினேன். பதினைந்து நாளுக்கு ஒரு முறை போவது வழக்கம். வீட்டு வாசலில் வண்டியை ஒடித்து உள்ளே ஏற்றும்போது இடது பக்கத் தூணில் மோதிவிட்டேன். தூணின் பூச்சு இரண்டடி உயரத்துக்கு உதிர்ந்தது, பம்பர் நெளிந்தது, பையிலிருந்த மீன் தண்ணீர் முன்பக்க மிதியடியில் கொட்டியது. கேட்டின் அகலம் ஒன்பது அடி. காரின் அகலம் நாலடி ஒன்பது அங்குலம். நேராகப் போனால் பக்கத்துக்கு இருபத்தைந்தரை அங்குலம் இடம் இருக்கிறது. ஊரார் வயலையெல்லாம் அளந்து கல் நட்டவன் தன் வீட்டுத் தூணை இடித்தேன் என்பதை எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது.

எதிர் வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டார். அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். காலை ஏழு மணியிலிருந்து தன் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு வெற்றிலை மெல்லுவதுதான் இப்போது அவருக்கு வேலை. சுண்ணாம்பு தடவிய ஆள்காட்டி விரலை எது கிட்டே இருக்கிறதோ அதில் துடைப்பார். நாற்காலி, கரண்ட் கம்பம், பேசிக்கொண்டிருக்கும்போது அடுத்தவருடைய சைக்கிள் சீட்டு, எதுவும் விலக்கில்லை. எங்கள் கேட்டில் அவர் விரல் வைத்த வெள்ளைக் கோடுகள் மட்டும் பதினேழு. எண்ணியிருக்கிறேன். இரண்டு முறை கழுவியும் இருக்கிறேன்.

அன்று நிதானமாக எழுந்து வந்து தூணைத் தடவிப் பார்த்தார்.

“ஒடிக்கிற எடம் இது இல்லையே சார். இன்னும் ரெண்டடி முன்னாடி போயில்ல ஒடிக்கணும்?”

“தெரியும்,” என்றேன்.

“தெரிஞ்சா சரி,” என்று விரலைத் தூணின் நல்ல பக்கத்தில் துடைத்துவிட்டுப் போனார்.

என் மகள் திருச்சியில் கல்லூரி ஆசிரியை. எங்களுக்கு ஒரே பிள்ளை. தூணின் போட்டோவை அவளுக்கு அனுப்பியது என் மனைவி. அன்று மாலையே போன் வந்தது.

“போதும்ப்பா. எழுபத்து நாலு வயசாச்சு. வண்டியைக் குடுத்துருவோம்.”

“என் கண்ணு நல்லா இருக்கு. சீட்டு பள்ளமாப் போச்சு. அதான் முன்னாடி தெரியல.”

“எத்தனை வருசமா சீட்டைச் சொல்லுவீங்க?”

“அளந்து காட்டவா?”

அவளும் என்னைப் போலத்தான், எதையும் நிபந்தனையோடுதான் கொடுப்பாள். “சரி. சீட்டைச் சரி பண்ணுங்க. ஜூன் பதினாறு ஞாயித்துக்கிழமை வாரேன். என் கண்ணு முன்னாடி மூணு தடவை கேட்டுக்குள்ள ஏத்திக் காட்டுங்க. ஒரு தடவை ஒரசினாலும் சாவி என்கிட்ட. சரியா?”

சரி என்றேன். என் முதுகுக்குப் பின்னால் நின்று மனைவி சொன்னாள்: “மூணு தடவையா? தூணு தாங்குமா?”

பேச்சு இதுதான். மூன்று வாரத்தில், சீட்டால்தான் இடித்தேன், என்னால் இல்லை என்று நிரூபிக்க வேண்டும். கொத்தனாரைக் கூப்பிட்டுத் தூணைப் பூசினேன். பிறகு சீட்டு. செவ்வாய்க்கிழமை எதையும் பிரிக்க வேண்டாம் என்று மனைவி சொன்னாள். நாளுக்கெல்லாம் காத்திருந்தால் ஞாயிற்றுக்கிழமை வந்துவிடும் என்று கிளம்பி வந்தேன்.

கடைக்காரர் மேலிருந்து பிரித்தார். முதலில் என் துண்டு. இரண்டு வருடமாகப் போட்டது. வெள்ளையாக வாங்கியது. இப்போது அதற்கு நிறமில்லை. அதன் கீழே தலையணை உறைக்குள் ஒரு பழைய டெலிபோன் டைரக்டரி. உயரத்துக்காக நான்தான் வைத்தேன். அட்டை வியர்வையில் ஊறி உறையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மூன்றாவது, மரமணி கோத்த விரிப்பு. முதுகுக்கு நல்லது என்று யாரோ சொல்லக் கேட்டு 2017-இல் வாங்கியது. மணிகள் இருந்த இடத்தில் பாதிக்கு மேல் வெறும் நரம்பு. நான்காவது கறுப்பு ரெக்சின் உறை. அதை உரித்தபோது உள்பக்கம் முழுக்க வெள்ளைப் பூஞ்சை, தோசை மாவு தெளித்தது போல.

“மேலுக்கு மேல போட்டிருக்கீங்களே சார். பழசைக் கழட்டிட்டுப் போடச் சொல்லலையா?”

“கழட்டினா கீழ இருக்கிறது அழுக்காயிரும்னு…” சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்திவிட்டேன். வெயிலில் அந்த வாக்கியத்தைக் கேட்க எனக்கே பொறுக்கவில்லை.

ஐந்தாவதாக நாலாக மடித்த போர்வை. ஆறாவதாக மெரூன் நிற வெல்வெட் உறை, 2006-இல் வாங்கியது. அதைத் தூக்கியதும் ஒரு நாற்றம் கிளம்பியது. கடைக்காரர் துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டார். நாள் முழுவதும் பசை வாடையில் உட்காருகிறவர், அவரே பொத்தினார். எனக்கு அது என்ன நாற்றமென்று தெரியும். ஒரு மழைக்காலத்தில் மீமிசலில் நண்டு வாங்கி, பின்சீட்டில் இடமில்லாமல் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் பையைத் தொங்கவிட்டு வந்தேன். பை கிழிந்தது. நண்டைப் பொறுக்கினோம். தண்ணீரைப் பொறுக்க முடியுமா? காய்ந்துவிட்டது, சரியாகிவிட்டது என்று நினைத்தேன். சரியாகவில்லை. நான்தான் பழகியிருக்கிறேன். அந்த வாடையின் மேல் பல வருடம் உட்கார்ந்து, அதை என் வேட்டியிலும் சட்டையிலும் சுமந்துகொண்டு, கல்யாண வீடுகளுக்கும் துக்க வீடுகளுக்கும் போய், பந்தியில் மற்றவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். அவர்கள் ஒருவரும் என்னிடம் சொல்லவில்லை. என் மனைவி பின்சீட்டில்தான் ஏறுவாள். முழங்காலை நீட்ட வசதி என்பாள். முழங்கால் நோவு வருவதற்கு முன்பும் பின்சீட்டில்தான் ஏறினாள் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

ஏழாவது அடுக்கு வந்தது. கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

“சார், ஷோரூம் பாலிதீன் சார் இது!”

ஆமாம். 2003-இல் புது வண்டி எடுத்தபோது சீட்டின் மேல் இருந்த பாலிதீன் உறை. சீட்டு புதிதாகவே இருக்க வேண்டும் என்று அதைக் கழற்றவில்லை. என் மகளுக்கு அப்போது பதின்மூன்று வயது. பின்சீட்டில் உட்கார்ந்து, ஜாமெட்ரி பாக்ஸிலிருந்த காம்பஸ் ஊசியால் முன்சீட்டின் முதுகில் பாலிதீனைக் குத்திக் குத்தி ஓட்டை போட்டாள். டொப் டொப்பென்று சத்தம் வருகிறதாம். நாற்பத்தொரு ஓட்டை. இரண்டு நாள் நான் அவளோடு பேசவில்லை. ஓட்டைகளின் மேல் செல்லோடேப் ஒட்டினேன். பிறகு பாலிதீன் வழுக்குகிறதென்று அதன் மேல் வெல்வெட். வெல்வெட் தொய்ந்ததென்று போர்வை. இப்படியே ஏழு.

கடைக்காரர் பாலிதீனை நுனியில் பிடித்து இழுத்தார். பக்கவாட்டில் அது கண்ணாடி போல வந்தது. அங்கே, உள்ளே, சாம்பல் நிறத் துணி. அதில் சின்னச் சின்ன நீல முக்கோணங்கள். நேற்று நெய்தது போல இருந்தது. நான் அந்தத் துணியை மறந்தே போயிருந்தேன். உட்காருமிடத்தில் பாலிதீன் எளிதில் வரவில்லை. சதையிலிருந்து பிளாஸ்திரி பிய்வதுபோல் பிய்ந்து வந்தது. அதனடியில் துணி இல்லை. கறுப்பாக, ஈரமாக, களி போல ஒன்று இருந்தது. இருபத்தொரு வருட வியர்வைக்கு வெளியே போக வழி இருக்கவில்லை. பாலிதீனில் தேங்கி, ஓட்டை வழியாகவும் ஓரம் வழியாகவும் இறங்கி, துணியையும் நுரையையும் அங்கேயே அழுகவிட்டிருக்கிறது.

எது கெடக் கூடாதென்று மூடி வைத்தேனோ, அதன் மேல் நான் ஒரு நாள்கூட உட்காரவில்லை. அது எனக்குக் கீழே கெட்டுக்கொண்டிருந்தது. ரோட்டோரம் போய் நின்றேன்.

திரும்பி வந்தபோது தினத்தாளின் மேல் பொருட்கள் சேர்ந்திருந்தன. எண்ணினேன். ஒரு ரூபாய் நாணயம் நான்கு. சீப்பு ஒன்று. பேனா மூடி மூன்று. என் மனைவி வண்டி பூசை அன்று சீட்டடியில் வைத்த எலுமிச்சம்பழம் ஒன்று, கூழாங்கல் போலக் கறுத்து. காய்ந்து தகடாகிப்போன காரப்பொடி மீன் ஒன்று, கண்ணோடு. நுரையின் அடிப்பகுதியில் எலி குடைந்த பொந்து. அதற்குள் டைரக்டரித் தாள்களைக் கிழித்துச் செய்த மெத்தை. அதில் எலி இல்லை, எலி இருந்ததற்கான எல்லாம் இருந்தது. அடியிலிருந்த ஸ்பிரிங் கம்பி பதினொன்றில் நான்கு அறுந்திருந்தது.

பிறகு கடைக்காரர் நுரையைத் தட்டினார். சின்னச் சின்னதாக, வெள்ளையாக, பிறை போல எதுவோ உதிர்ந்தது. உதிர்ந்துகொண்டே இருந்தது.

“யாரோ நகத்தைக் கடிச்சுக் கடிச்சுப் போட்டிருக்காங்க சார்,” என்றார் அவர். ஒரு விரலால் தள்ளிப் பார்த்தார். “ச்சே. எவ்வளவு!”

யாரோ. அந்தச் சீட்டில் என்னைத் தவிர யாரும் உட்கார்ந்ததில்லை. யாருக்கும் சாவி கொடுத்ததில்லை. யாராவது இறங்கி வரக் காத்திருக்கும்போதெல்லாம் நான் நகம் கடிப்பேன். வெளியே துப்பினால் அசிங்கம் என்று உள்ளேயே துப்பியிருக்கிறேன் போல. கையை வேட்டி மடிப்புக்குள் வைத்துக்கொண்டேன். நாற்பது வரை எண்ணினேன். அதற்கு மேல் எண்ணவில்லை. என் நினைவில், எண்ணத் தொடங்கிவிட்டு முடிக்காமல் விட்டது அது ஒன்றுதான்.

ஆனாலும் ஒரு காரியம் செய்தேன். அடுக்கெல்லாம் போன பிறகு சீட்டைக் காருக்குள் ஒப்புக்கு வைக்கச் சொல்லி, அதன் மேல்பரப்பிலிருந்து கூரை வரை டேப் பிடித்தேன். நாற்பத்தொரு அங்குலம். வண்டி எடுத்த அன்று என் டைரியில் எழுதி வைத்தது முப்பத்தேழு. அங்கே நின்றே மகளுக்குப் போன் செய்தேன்.

“நாலு அங்குலம்! நாலு அங்குலம் எறங்கியிருக்கு. நான் சொன்னேனா இல்லையா?”

“நான் கிளாஸ்ல இருக்கேன்ப்பா,” என்று வைத்துவிட்டாள்.

கடைக்காரரிடம் முப்பத்தேழு என்று எழுதிக் கொடுத்தேன். அறுந்த கம்பிகளைப் பற்றவைத்து, ரப்பர் பெல்ட் இழுத்துக் கட்டி, கெட்டி நுரை போட்டு, நடுவில் புது ரெக்சின் தைத்துத் தருவதாகச் சொன்னார். பக்கவாட்டுத் துணி புதிதாகவே இருப்பதால் அதை மாற்ற வேண்டாம் என்றார். “நீங்க காப்பாத்தி வச்சது அது ஒண்ணுதான் சார்.”

வீட்டுக்கு டவுன் பஸ்ஸில் போனேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் இரண்டாவது நிறுத்தத்தில் எழுந்து வேறு சீட்டுக்குப் போனார். சன்னலோரம் காற்று வேண்டும் என்று போயிருக்கலாம். குளித்தேன். மறுபடியும் குளித்தேன்.

“என்னங்க, பொங்கலா தீபாவளியா?” என்றாள் மனைவி.

“வண்டியில நாத்தம் அடிக்குதுன்னு நீ ஏன் ஒரு நாளும் சொல்லல?”

“சொன்னா கழட்டவா போறீங்க? மேல இன்னொண்ணு போடுவீங்க.”

கழற்றிப் போட்ட வேட்டியையும் சட்டையையும் வாளியில் ஊறவைத்தேன்.

வியாழக்கிழமை போனேன். சீட்டை வண்டியில் போல்ட் போட்டுப் பூட்டியிருந்தார். டேப் பிடித்தேன். சரியாக முப்பத்தேழு, ஒரு நூல் கூடவோ குறையவோ இல்லை. ஏறி உட்கார்ந்தேன். 2003-இல் பானெட் முழுவதும் தெரிந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இப்போது பாதிதான் தெரிந்தது. ஸ்டீயரிங்கின் மேல் வளையம் கண்ணுக்கு நேராக நின்றது.

“அளவு தப்பு,” என்றேன்.

அவர் தன் டேப்பைக் கொண்டுவந்து பிடித்தார். முப்பத்தேழு. என்னை ஏற இறங்கப் பார்த்தார். சிரிக்காமல் சொன்னார்.

“சீட்டு சரியாத்தான் இருக்கு சார். நீங்கதான் எறங்கிட்டீங்க.”

வீட்டுக்கு வந்து கதவு நிலையில் முதுகை ஒட்டி நின்றேன். மனைவியைத் தலைமேல் ஸ்கேலை வைத்துப் பென்சிலால் கோடு போடச் சொன்னேன்.

“நிமிந்து நில்லுங்க.”

“நிமிந்துதான் நிக்கிறேன்.”

“இதுதான் நிமிந்தா?” என்றாள். பிறகு கோடு போட்டாள்.

என் பணிப் பதிவேட்டில் ஐந்தடி ஆறு அங்குலம். நிலையில் ஐந்தடி நாலேகால். சீட்டைப் போலவே நானும் அமுங்கியிருக்கிறேன், ஒன்றேமுக்கால் அங்குலம். எதில் என்ன அறுந்தது, எது உள்ளே களியாகக் கிடக்கிறது என்று பிரித்துப் பார்க்க எந்தக் கடைக்காரரும் இல்லை. அன்று இரவு சாப்பிடும்போது என் கையைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை போய் இன்னும் ஒன்றரை அங்குலம் ஏற்றச் சொன்னேன்.

“அதுக்கு மேல ஏத்துனா கால் எட்டாது சார். கிளட்சை நுனிக்காலால மிதிக்கணும்.”

“மிதிப்பேன். ஞாயித்துக்கிழமைக்குள்ள வேணும்.”

சனிக்கிழமை மாலை தயாராக இருந்தது. அதன் மேல் புது பாலிதீன் உறை மாட்டி, ஓரத்தை டேப் வைத்து ஒட்டியிருந்தார். நான் கதவைத் திறந்து நின்ற நிலையிலேயே அதைக் கிழித்தேன். பல்லால்கூட இழுத்தேன் என்று நினைக்கிறேன்.

“ஐயோ, என்ன சார்! எல்லாரும் ஆறு மாசமாவது வச்சிருப்பாங்க.”

“இதையும் உன் பேப்பர்ல சுத்திப் போடு.”

உட்கார்ந்தேன். பானெட் தெரிந்தது. இடது மூலை தெரிந்தது. ஒன்பது வேகத்தடையும் வருவதற்கு முன்னாலேயே தெரிந்தன. வீட்டு கேட்டுக்குள் ஒரே வீச்சில் ஏற்றினேன். எதிர் வீட்டுக்காரர் நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து வரவில்லை. அந்த ஒரு சாயங்காலம் எனக்குச் சோறு இறங்கியது.

ஜூன் 16. மகள் பத்தரை மணிக்கு வந்தாள். காபி குடித்துவிட்டு நேரே வண்டிக்கு வந்தாள். சீட்டைப் பார்த்தாள். பக்கவாட்டிலிருந்த நீல முக்கோணங்களைக் குனிந்து தொட்டாள்.

“இதுவா நம்ம சீட்டு? இந்தத் துணி எனக்கு ஞாபகமே இல்லையே.”

“நானே மறந்துட்டேன்.”

“இதுக்காகவா ரெண்டு நாள் எங்கூட பேசாம இருந்தீங்க?” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். முதுகுப் பக்கம் கையைக் கொண்டுபோய் தன் ஓட்டைகளைத் தேடினாள். அங்கேயும் பாலிதீன் இல்லை.

பிறகு இடது தூணுக்கு அருகில் போய் நின்றாள். மனைவி படியில் உட்கார்ந்தாள். எதிர் வீட்டுக்காரர் எழுந்து வந்து அவர் பாட்டுக்கு எங்கள் கேட்டில் சாய்ந்துகொண்டார்.

முதல் தடவை, சரியாக நடுவில். இரண்டாம் தடவை, இடது பக்கம் ஓரடிக்கு மேல் இடம் விட்டு ஏறினேன். “போதும்டி, கையெழுத்தா வாங்கப் போற?” என்று மனைவி மகளிடம் சொன்னது காதில் விழுந்தது. மூன்றாம் தடவை ரோட்டுக்கு எடுத்து, முன்னால் போய், ஒடித்தேன். பானெட் தெரிந்தது. தூண் தெரிந்தது. கொத்தனார் பூசிய புதுச் சிமெண்டில் கரண்டி ஓடிய தடம்கூடத் தெரிந்தது. ஸ்டீயரிங்கைத் திருப்ப வேண்டும் என்றும் தெரிந்தது. கை அப்போது போகவில்லை. கொஞ்சம் கழித்துப் போனது. அந்தக் கொஞ்ச நேரத்தை அளக்க என்னிடம் எந்த டேப்பும் இல்லை. தூணை முழுதாகப் பார்த்துக்கொண்டே அதன் மேல் ஏற்றினேன். இடது கண்ணாடி மடங்கி உடைந்தது. கதவில் பதினான்கு அங்குலத்துக்குக் கோடு. புதுப் பூச்சு மகளின் செருப்பின் மேல் விழுந்தது.

எஞ்சினை நிறுத்தினேன். கால் எட்டவில்லை, கிளட்ச் வழுக்கிவிட்டது என்று சொல்லலாம். கடைக்காரர் சாட்சி சொல்லுவார். மகள் நம்பவும் செய்வாள். அவள் முகம் எதையாவது நான் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தது. கிளட்சில் கால் சரியாகத்தான் இருந்தது. இன்னொரு உறையை மேலே போட எனக்குப் பிடிக்கவில்லை.

சாவியை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

“அப்பா…” என்றாள்.

“ஒரசினாலும்னுதானே சொன்னே. இது ஒரசல் இல்லை.”

வண்டியை விற்பதாகத்தான் இருந்தாள். என் மனைவிதான் தடுத்தாள். வாரம் இரண்டு நாள் முழங்காலுக்குப் புதுக்கோட்டை போக வேண்டும், பஸ் படி ஏற முடியவில்லை என்றாள். அப்போது கேட்டிலிருந்து குரல் வந்தது.

“நான் ஓட்டுறேனே பாப்பா. சும்மாதான உக்காந்திருக்கேன். சம்பளம் எல்லாம் வேணாம். வெத்தலைக்குக் குடுத்தாப் போதும்.”

மகள் சாவியை அவரிடம் கொடுத்தாள். நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை முதல் நடை. அவர் ஏறி உட்கார்ந்து இரண்டு முறை எழும்பி எழும்பிப் பார்த்தார். “சீட்டுன்னா இதுல்ல சீட்டு! முப்பது வருசம் பஸ்ஸுல எரும மாட்டு முதுகுல உக்காந்த மாதிரி உக்காந்தேன் சார்.” கேட்டிலிருந்து ஒரே ஒடிப்பில் ரோட்டுக்கு எடுத்தார். இரண்டடி முன்னால் போய்த்தான் ஒடித்தார். நான் பார்த்தேன். மனைவி, வழக்கம் போல, பின்னால். நான் இடது பக்கம், முன்சீட்டில். அந்தச் சீட்டை யாரும் பிரிக்கவில்லை. ரெக்சின், அதற்குக் கீழே வெல்வெட், அதற்குக் கீழே என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியும். அதன் மேல் உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்தால் கீழிருந்து சின்னதாக நெறுநெறுவென்று ஒரு சத்தம் வருகிறது. இத்தனை நாள் அது எனக்குக் கேட்டதில்லை.

அரிமளம் தாண்டும்போது அவர் ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் வெற்றிலையை எடுத்தார். சுண்ணாம்பு தடவினார். மடித்து வாயில் போட்டார். பிறகு ஆள்காட்டி விரலைக் கீழே கொண்டுபோய், சீட்டின் பக்கவாட்டில், இருபத்தொரு வருடம் காற்றுகூடப் படாமல் நான் வைத்திருந்த நீல முக்கோணங்களின் மேல், நிதானமாகத் துடைத்தார். வெள்ளையாக ஒரு கோடு. மனைவி அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். ஒரு துண்டைப் போட்டு மூடலாமா என்று என் கை துடித்தது. மூடவில்லை. இதை எழுதும் இன்று அந்தக் கோடுகள் முப்பத்தொன்று.

பம்பரின் நெளிவையும் கதவின் கோட்டையும் அப்படியே விட்டுவிட்டேன். சீட்டுக்கு, கடைசியாக ஏற்றிய ஒன்றரை அங்குலத்தையும் சேர்த்து, ஐயாயிரத்து முந்நூறு. தூணுக்குக் கொத்தனார் இரண்டு முறை வந்தது ஆயிரத்து எழுநூறு. கண்ணாடி நானூற்று முப்பது. இன்னொருவர் உட்காருவதற்கு நான் சரி செய்து கொடுத்த அந்தச் சீட்டு எனக்கு வைத்த மொத்தச் செலவு ஏழாயிரத்து நானூற்று முப்பது ரூபாய்.